முதலாம் வைத்தியரின் கருத்து

மூன்றாவது வாளியைப் படியில் வைக்கும்போது தண்ணீர் தளும்பி அஸ்காவின் பாதங்களை நனைத்தது. கீழே, அடுக்குமாடியின் வாகனத் தரிப்பிடத்தில், படுக்கை விரிப்புகளைக் கயிற்றில் கட்டி மறைத்த இடத்தில் வாப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்த குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வந்தது. அதனால் முதலாம் மாடியிலிருந்த அவர்களுடைய வீட்டிலிருந்து வாளிகள் போயின. அஸ்கா படியின் பாதிவரை கொண்டுவந்து வைப்பாள். அவளுடைய அண்ணன், ரிப்கான் நானா, ஏறிவந்து எடுத்துப்போவான்.

"கற்பூரம் போட்ட தண்ணி கடைசிக்கு. இது சும்மா தண்ணி தானே?"

"ஓ நானா."

அவனுடைய சட்டைக் கை தோள்வரை நனைந்திருந்தது. வாளியைத் தூக்கியவன் ஒரு கணம் நின்று, "வாப்பாட முகம் நல்லா ஈக்குது" என்றான். பிறகு இறங்கிப் போனான்.

வாப்பா ஸவாஹிர் அன்று விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வந்து ஜன்னலோரக் கதிரையில் சாய்ந்தவர். உம்மா தேத்தண்ணி கொண்டுபோய் இரண்டு தரம் கூப்பிட்டாள். மூன்றாவது தரம் கூப்பிட்டது வேறு குரலில். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று பத்து மணிக்குள் முடிவாகிவிட்டது.

அஸ்கா வெறும் வாளியுடன் வீட்டுக்குள் வந்தபோது கூடத்தில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். யாஸீன் ஓதுகிற சத்தம் அறைக்குள்ளிருந்து வந்தது. அறையின் நடுவில், வெள்ளைச் சேலையில், உம்மா ஸைனம்பு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வாப்பாவின் தங்கை அம்னா மாமி அஸ்காவின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினாள்.

"புள்ள, கோபிக்க வாணாம். கேக்காம ஈக்க ஏலாம ஈக்குது. அந்த ஒப்பரேஷன செஞ்சீந்தா நானா இன்னும் ஈந்தீப்பாரு தானே?"

அஸ்கா வாளியைப் பார்த்தாள். அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்தது.

வாசலில் ரிப்கானின் குரல் கேட்டது. கற்பூரத்துக்காக ஏறி வந்திருந்தான்.

"மாமி, அந்தக் கதய இப்ப எடுக்க வாணாம். நான் தான் ஒப்பரேஷன் செய்யோணும் எண்டு நிண்ட. தங்கச்சி ரெண்டு டொக்டர்மார்ட பேச்சயும் எழுதி, ரெண்டு பக்கமும் சரியாப் பாத்து, எங்க எல்லாருக்கும் வாசிச்சிக் காட்டின. அதுக்குப் பொறகு எனக்கும் செல்லுறதுக்கு ஒண்டும் இல்லாமப் போச்சு. யாரும் கண்ண மூடிட்டு முடிவெடுக்கல்ல."

"நான் அவளக் குத்தம் செல்லல்ல மகன்..."

"குத்தம் செல்லுறாப்போல தான் ஈக்குது." அவன் அஸ்காவின் பக்கம் திரும்பினான். "அந்தக் கொப்பி ஈக்குதா? எடுத்து வை. நாளைக்குச் சாச்சாவும் வந்து இதத்தான் கேப்பாரு. நானே வாசிச்சிக் காட்டுறேன்."

"தேடோணும் நானா."

"தேடி எடு."

அவன் போய்விட்டான். மாமி அவளுடைய தலையைத் தடவினாள். அந்தக் கையின் கீழ் அஸ்கா அசையாமல் இருந்தாள். கொப்பி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஏழு வாரமாக அது அலுமாரியில் அவளுடைய துணிகளுக்கு அடியில் இருக்கிறது.

பாமன்கடைப் பகுதியில் வேலை முடிந்ததும் அவள் வெள்ளவத்தைக்கு நடந்து, காலி வீதியில் ஒரு புடைவைக்கடையின் மேல்மாடியில் நடக்கும் மாலை வகுப்புக்குப் போவாள். வெளிவாரிப் பட்டத்துக்காகத் தமிழ் படித்தாள். அங்கே சண்முகலிங்கம் சேர் ஒரு தாளைப் பிரதியெடுத்துக் கொடுத்திருந்தார். திறனாய்வாளரின் கருத்தை எடுத்துரைக்கவும் மதிப்பிடவும் பயன்படும் தொடர்கள். அஸ்கா அதை மூன்று நிரலாக்கி மையால் எழுதிக்கொண்டாள். ஏற்பதற்கு, ஐயப்படுவதற்கு, மறுப்பதற்கு. "சொன்னார் எண்டு எழுதாதேயுங்கோ" என்பார் சேர். "அது ஒண்டையும் மதிப்பிடாத சொல். கருதுகிறாரா, வாதிடுகிறாரா, நிறுவுகிறாரா? அந்த ஒரு சொல்லிலையே உங்கட தீர்ப்பு வந்திடும். மறுக்கப்போற ஆளின்ர கருத்தை முதல்லை முழுசா எழுதவேணும். குறைச்சு எழுதிப்போட்டு மறுக்கிறது களவு." எதையாவது விட்டு எழுதியிருந்தால், விட்ட இடத்தில் சிவப்புப் பேனையால் சின்னக் கூரைபோல ஒரு குறி போடுவார். வேறொன்றும் எழுதமாட்டார். விட்டது என்ன என்று எழுதினவரே தேடவேண்டும்.

முப்பது வருடம் கொள்ளுப்பிட்டியில் மூக்குக்கண்ணாடிக் கடையில் நின்ற வாப்பாவுக்கு அந்தத் தாள் பெரிய விளையாட்டாகிவிட்டது. அவளிடம் கேள்வி கேட்பதற்காகவே அதைப் பாடமாக்கினார். சாப்பாட்டு மேசையில் ஒருநாள் குரலை உயர்த்தி, "இக்கறி சுவையானது என்னும் கருத்து ஓரளவு ஏற்புடையதே. ஆயினும் உப்புத் தொடர்பில் போதிய சான்று தரப்படவில்லை" என்றார்.

"சான்று வேணுமெண்டா குசினிக்குள்ள வந்து தேடுங்க" என்றாள் உம்மா.

அவளுடைய கட்டுரைகளைச் சேரிடம் கொடுக்கமுன் வாப்பாதான் பென்சிலுடன் வாசிப்பார். கூரைக் குறி போடவும் பழகிக்கொண்டார்.

பிறகு அவருடைய நெஞ்சு நோகத் தொடங்கியது. இரண்டு வைத்தியர்கள் இரண்டு விதமாகச் சொன்னார்கள். ஒருவர் உடனே அறுவைச் சிகிச்சை என்றார். மற்றவர், சிறுநீரகம் பழுதாகியிருக்கிறது, மேசையிலேயே எதுவும் நடக்கலாம், மருந்தால் கொண்டுபோகலாம் என்றார். ரிப்கானுக்கு லீவு கிடைக்கவில்லை. உம்மாவால் ஆஸ்பத்திரிப் படி ஏற முடியாது. இரண்டு இடத்துக்கும் வாப்பாவுடன் போனவள் அஸ்காதான். "நீ தானே படிக்கிற, நீ பாத்துச் செல்லு" என்றான் ரிப்கான் தொலைபேசியில்.

அவள் முறையாகத்தான் செய்தாள். கொப்பியில் கோடு போட்டு, தலைப்பிட்டு, இரண்டு பக்கம் எழுதினாள். முதலாம் வைத்தியரின் கருத்து. இரண்டாம் வைத்தியரின் கருத்து. மதிப்பீடு. அறுவைச் சிகிச்சை நன்மை தரக்கூடும் என முதலாமவர் கருதுகிறார். சிறுநீரகத்தின் நிலையை இரண்டாமவர் சான்றுகளுடன் சுட்டிக்காட்டுகிறார். இரண்டையும் ஒப்புநோக்குமிடத்து இரண்டாமவரின் வாதமே கூடிய வலுவுடையது.

முதலாம் வைத்தியர் இன்னொரு வசனமும் பேசியிருந்தார். மேசைக்கு அந்தப் பக்கமிருந்து, சிங்களத்தில், மிக மெதுவாக. செய்யாவிட்டால் இரண்டு மாதத்துக்கு மேல் தன்னால் உத்தரவாதம் தர ஏலாது என்று. வாப்பா அப்போது சுவரிலிருந்த இதயப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அந்த வசனத்தை எழுதினால் மற்ற எந்த வசனத்துக்கும் பக்கத்தில் இடமிருக்காது. அதை வாசித்தால் உம்மா விழுந்துவிடுவாள். வாப்பாவின் நெஞ்சைப் பிளப்பார்கள். எதிர்காலத்தைப் பற்றியது சான்றாகாது, வெறும் அனுமானமே என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். அதுவும் தாளிலிருந்த தொடர்தான். மறுப்பதற்கான நிரலில், நான்காவது.

அவள் வாசித்து முடித்தபோது உம்மா அழுகையை நிறுத்தியிருந்தாள். ரிப்கான் நீளமாக மூச்சுவிட்டு, "அப்ப மருந்தே எடுப்பம்" என்றான். வாப்பா சிரித்துக்கொண்டு கையை நீட்டினார். "தாங்க மகள், மார்க் போடோணும்." அடுத்த நாள் காலையில் கொப்பி அவளுடைய மேசையில் இருந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. பிறகு வந்த நாட்களில் சாப்பாட்டு மேசையில் வாப்பா சில நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். என்ன வாப்பா என்றால் ஒன்றுமில்லை என்பார்.

அஸருக்குக் கொஞ்சம் முன்னர் சந்தூக்குப் பெட்டியை மேலே கொண்டுவந்து கூடத்தில் வைத்தார்கள். பெண்கள் கடைசியாகப் பார்த்தார்கள். வெள்ளைத் துணிக்குள் வாப்பாவின் முகம் கண்ணாடியில்லாமல் சின்னதாக இருந்தது. மூக்கின் இரு பக்கமும் கண்ணாடி பதிந்த தழும்பு இன்னும் தெரிந்தது. உம்மாவை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

தூக்குவதற்காக ஆண்கள் உள்ளே வந்தார்கள். ரிப்கான் முன்பக்கம் குனிந்தான்.

"நானா."

அவன் நிமிர்ந்தான். கண் இரண்டும் வீங்கியிருந்தன. "செல்லு."

கூடம் முழுவதும் அவளைப் பார்த்தது. அம்னா மாமி பார்த்தாள். உம்மாவும் திரும்பிப் பார்த்தாள்.

"படி ஈரமா ஈக்குது" என்றாள் அஸ்கா. "கவனம்."

அவன் தலையாட்டினான். அவர்கள் தூக்கினார்கள். கலிமா சொல்லும் சத்தம் படியில் இறங்கி, ஒழுங்கையில் போய், காலி வீதி பஸ் இரைச்சலுக்குள் கரைந்தது.

மையவாடியில் அடக்கிவிட்டு ஆண்கள் திரும்ப எப்படியும் அந்தி மக்ரிபாகிவிடும். கூடத்துப் பெண்கள் பாய்களில் சாய்ந்தார்கள். யாரோ கிண்ணங்கள் கழுவினார்கள். அஸ்கா தன்னுடைய அறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, துணிகளுக்கு அடியிலிருந்து கொப்பியை எடுத்தாள். இரண்டு தாள்தான். கிழித்தால் நடுத் தையலில் அடையாளம்கூடத் தெரியாது. வகுப்பில் தொலைந்துவிட்டது என்று நானாவிடம் சொல்லலாம். அவன் நம்புவான். அவன் எதையும் நம்புவான்.

தாளை விரலிடுக்கில் பிடித்து, கிழிக்கும் இடத்தைப் பார்ப்பதற்காகப் பக்கத்தைத் திறந்தாள்.

முதலாம் வைத்தியரின் கருத்து. அதன் கீழ், அவளுடைய நேரான கையெழுத்தில், கடைசி வரியில், "கருதுகிறார்" என்பதற்குப் பக்கத்தில், பென்சிலால் ஒரு சின்னக் கூரைக் குறி இருந்தது. வாப்பா போட்டது. ஒரு கால் மற்றதைவிட நீளம். பக்கத்தில் எதுவும் எழுதப்படவில்லை. அந்தப் பக்கத்திலும் அடுத்த பக்கத்திலும் வேறு எந்த அடையாளமும் இல்லை.

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஏழு வாரம். ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு மேசையில் அந்தப் பார்வை. மன்னித்துவிட்ட பார்வையா, அவள் எழுதட்டும் என்று காத்திருந்த பார்வையா? இரண்டுக்கும் அவளிடம் சான்று இல்லை.

வெளியே மக்ரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். அஸ்கா மேசையிலிருந்து பேனையை எடுத்தாள். குறிக்கு மேலே இருந்த ஒடுங்கிய இடத்தில், மிகச் சிறிய எழுத்தில், அந்த வைத்தியர் பேசியதை ஒரு சொல்லும் விடாமல் எழுதினாள். இடம் போதாமல் வரி ஓரத்தில் வளைந்து கீழே இறங்கியது. முடிக்க வேண்டிய வினைச்சொல்லில் கை நின்றது. பிறகு "என்று சொன்னார்" என்று எழுதினாள்.

கூடத்துக்கு வந்து, ஜன்னலோரக் கதிரையில் கொப்பியைத் திறந்தபடி வைத்தாள். மின்விசிறிக் காற்றில் பக்கம் புரளப் பார்த்தது. வாப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்து அதன்மேல் வைத்தாள். கீழே வாகனக் கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. படியில் செருப்புச் சத்தம் ஏறத் தொடங்கியது.