முதல் துண்டு

“டேய்னு கூப்பிடு தோர்பெய். ஒரே ஒரு தடவை. வாய் என்ன வெந்தா போயிடும்?”

எசுலுன் பல்லைக் கடித்துக்கொண்டு கெஞ்சினாள். கிழவன் தோர்பெய் எச்சிலை விழுங்கினான். அவனுக்கு எதிரே கிழிந்த ஆட்டுத்தோல் அங்கியோடு குந்தியிருந்தவன் அவள் புருஷன் மெகுதெய். நேற்று வரை ஓனான் ஆற்றங்கரையில் ஐந்து கூட்டங்களுக்குத் தலைவன். தோர்பெய் அவன் வீட்டு வாசலடிமை. அப்பன், பாட்டன் எல்லோருமே அந்த வாசலில் பிறந்து அந்த வாசலிலேயே செத்தவர்கள்.

“டேய்... எசமான்,” என்றான் தோர்பெய்.

மெகுதெய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரியாப் போச்சு. இவன் வாயாலதான் எனக்குச் சாவு.”

“சிரிக்காதீங்க! உங்களுக்கு எல்லாமே விளையாட்டு,” என்று சீறினாள் எசுலுன்.

 கெருலேன் ஆற்றுப் பக்கத்துத் தலைவன் புக்கிதாய் பொழுது விடியும்போது படையோடு வந்து விழுந்தான். குதிரையில் சேணம் வைக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. இரண்டு குடிகளுக்கும் நடுவே பகை வளர்ந்ததெல்லாம் தூதுவர்கள் வழியாகத்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. இப்போது அந்த ஒன்றுதான் அவர்களுக்கு மிச்சமிருந்த அதிர்ஷ்டம். ஒரு குடி தோற்றால் அதன் அடிமைகளை ஆடு மாடு போலப் பங்கு போட்டுக்கொள்வார்கள், யாரும் கொல்ல மாட்டார்கள். கறவை மாட்டை எவனாவது வெட்டுவானா? ஆனால் ஆண்ட எலும்பில், அதாவது ஆண்ட வம்சத்தில், பிறந்த ஆண்பிள்ளை ஒருவனையும் உயிரோடு விடமாட்டார்கள். மெகுதெயின் எலும்பில் ஒரு தவழும் குழந்தை மிஞ்சினால்கூட ஐந்து கூட்டமும் நாளைக்கு அதன் பின்னால் போய் நிற்கும். புக்கிதாய்க்கு அது நன்றாகத் தெரியும்.

அதனால்தான் மெகுதெய் இப்போது கரா என்ற பெயரில் சாணி பொறுக்குபவன். எசுலுன் அடுப்படி வேலைக்காரி. நாலு வயது மகன் சூல், தோர்பெயின் பேரன். பையனுக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது. கிழவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தாத்தா தாத்தா என்று ஏற்கெனவே உயிரை வாங்கிக்கொண்டிருந்தான்.

“சின்ன எசமான், கழுத்து நோவுதுங்க,” என்றான் தோர்பெய்.

எசுலுன் தலையில் அடித்துக்கொண்டாள். “நீ வாயே திறக்காத. கும்பிடறேன். மத்தவங்க பேசட்டும்.”

மத்தவர்கள் நன்றாகவே பேசினார்கள். சூரியன் உச்சிக்கு ஏறியபோது புக்கிதாய் வந்தான். தொந்தி பெருத்தவன், சிரித்த முகம். வண்டிகளின் நிழலில் வரிசையாக உட்கார்ந்திருந்த முப்பது பேரையும் ஒரு பார்வை பார்த்தான்.

“உங்க தலைவன் எங்க?”

“காட்டுக்கு ஓடிட்டான்,” என்றாள் பால்காரி குவாஜின். “எங்களை அம்போன்னு விட்டுட்டு ஓடின பேடிப்பய. அவன் முகத்துல காறித் துப்பணும்.” அதோடு விடவில்லை. திரும்பி மெகுதெயை ஓர் உதை விட்டாள். “எந்திரிடா கரா! பெரிய மனுஷர் நிக்கறாரு, நீ கால நீட்டிக்கிட்டு உக்காந்திருக்க. சாணி பொறுக்கறவனுக்குத் திமிரைப் பாரு!”

மெகுதெய் விழுந்தடித்து எழுந்து தலையைச் சொறிந்தான். புக்கிதாய் வாய்விட்டுச் சிரித்தான். எசுலுனுக்குக் குவாஜினின் காலை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

“சரி, நேத்திலிருந்து ஒண்ணும் தின்னிருக்க மாட்டீங்க,” என்றான் புக்கிதாய். “இனிமே நீங்க என் ஆளுங்க. என் கறியைத் தின்னுங்க. ஏம்மா அடுப்படிக்காரி, நீயே பரிமாறு.”

ஆடு வெந்து தயாராக இருந்தது. எசுலுன் புத்திசாலித்தனமாகத்தான் நடந்துகொண்டாள். நல்ல துண்டுகளையெல்லாம் மற்றவர்களுக்குக் கொடுத்தாள். ஒட்டுச்சதைகூட இல்லாத கழுத்தெலும்பைப் புருஷன் கையில் போட்டாள். இதைவிட ஒருத்தி என்னதான் யோசிக்க முடியும்?

“எடுங்க, தின்னுங்க,” என்று சொல்லிவிட்டுப் புக்கிதாயும் ஒரு விலா எலும்பைக் கடித்தான்.

முப்பது பேர் கையிலும் கறியில் ஆவி பறந்தது. பசியில் கண் இருண்டு கிடந்தவர்கள். எசுலுன் அந்த வரிசையைப் பார்த்தாள், அவளுக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. மெகுதெய் கழுத்தெலும்பை வாயில் வைத்துக் கடித்தான். உடனே மற்ற எல்லா வாயும் திறந்தன. கறியைக் கடித்துக் குதறும் சத்தம் எழுந்தது. மென்றுகொண்டிருந்த புக்கிதாயின் வாய் மட்டும் நின்றுபோனது.

“அடேயப்பா,” என்றான் மெதுவாக. “சாணி பொறுக்கறவன் கடிச்சாத்தான் மத்தவங்க கடிப்பாங்களோ?”

எசுலுன் தலையில் இடி விழுந்தது. பேரை மாற்றினாள், உடுப்பை மாற்றினாள், உதைக்கக்கூடச் சொல்லிக்கொடுத்தாள். இதை மறந்துபோனாளே! மறந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அவள் கூடாரத்தில் சாப்பாடு அப்படித்தான். எசமான் கை வாய்க்குப் போகாமல் எவன் கையும் போகாது. யார் சொல்லியும் செய்வதில்லை, யாரும் கவனிப்பதும் இல்லை. அந்த விசுவாசமே அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டது. பாவிகள், பாசத்தால் அவனைக் கொன்றுவிட்டார்கள்.

இரண்டு பேர் மெகுதெயின் தோளைப் பிடித்தார்கள்.

“யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு,” என்றான் புக்கிதாய். “ஆனா உங்க வாயால வரணும். ஆண்ட எலும்புன்னா கம்பளியில சுருட்டி மூச்சை நிறுத்துவேன், ஒரு சொட்டு ரத்தம் மண்ணுல விழாது. இல்ல, அடிமைதான்னு சாதிச்சா, பொய் சொன்ன அடிமைக்குக் கத்திதான். எதுன்னு சொல்லுங்க.”

ரத்தத்தில்தான் உயிர் இருக்கிறது. அது மண்ணில் சிந்தினால் முன்னோர்களிடம் போய்ச் சேராமல் அலையும். மெகுதெய் அவளைப் பார்த்தான். காலையில் சிரித்த அதே முகம். லேசாகத் தலையை அசைத்தான்.

“என் புருஷன்,” என்றாள் எசுலுன். குரல் யாருடையதோ போல இருந்தது. “ஓனான் மெகுதெய். ஆண்ட எலும்பு.”

புக்கிதாய் உடனே எழுந்து நின்றான், மரியாதை கூடிவிட்டது. “வாங்கண்ணா,” என்று கூப்பிட்டான். “ஏய், வெள்ளைக் கம்பளி கொண்டாங்கடா, நல்லதாப் பார்த்து.” கொண்டுவந்தது அவர்கள் கூடாரத்துக் கம்பளியேதான். போன இலையுதிர் காலத்தில் அவள் நனைத்து, அடித்து, உருட்டிச் செய்தது. ஓரத்தையலைப் பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

“அழாத,” என்றான் மெகுதெய் போகும்போது. “நீ செஞ்சதுதானே. கதகதப்பா இருக்கும்.”

வண்டிக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். ஒரு சத்தமும் வரவில்லை. எசுலுன் பேயறைந்தவள் மாதிரி அகப்பையைப் பிடித்தபடி நின்றாள். 

புக்கிதாய் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தான். “நீ இனிமே என் அடுப்புக்காரி. என் பக்கத்துலயே நில்லு, அங்க போய்ப் பேசற வேலை வேணாம்.” பிறகு குரலைத் தணித்தான். “அவங்க கையில இருக்கற கறியைத் திருப்பி வாங்கிட்டு மறுபடி சூடாப் பரிமாறு. அந்த எலும்புல இன்னும் ஏதாச்சும் மிச்சமிருக்கான்னு பார்த்துடலாம்.”

 எச்சரிக்க வழியில்லை, ஒரு கண்சாடைக்குக்கூட இடமில்லை. கொதிக்கக் கொதிக்கப் போட்டுக்கொண்டே வந்தாள். தோர்பெயின் மடியிலிருந்த சூலும் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நகர்ந்தாள்.

“தின்னுங்க.”

யாரும் தின்னவில்லை. எல்லாத் தலையும் குனிந்திருந்தன. ஆனால் அந்தத் தலைகள் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தன என்று எசுலுன் பார்த்தாள், எல்லாம் தோர்பெயின் மடிப் பக்கம். சூலுக்குக் கறி சுட்டது. ஊ ஊ என்று ஊதிக்கொண்டிருந்தான். அடப்பாவி மகனே, ஊதாதே! ஊர் முழுக்க உனக்காகக் காத்திருக்கிறதே! புக்கிதாயின் கண் வரிசையின் ஒரு முனையிலிருந்து ஒவ்வொரு முகமாக நகர்ந்து வந்தது. குவாஜினைத் தாண்டியது.

தோர்பெய் பையன் கையிலிருந்து கறியைப் பிடுங்கித் தன் வாயில் திணித்துக்கொண்டான்.

“சுடுதுன்னா குடுடா இங்க, சனியனே!” என்று சொல்லிப் பையன் மண்டையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தான்.

மற்றவர்கள் எல்லோரும் விக்கித்துப்போய் நிமிர்ந்தார்கள். குவாஜின் வாயைப் பொத்திக்கொண்டாள். எசமான் பிள்ளையின் வாய்க்குப் போவதைப் பறித்துத் தின்பதா? அந்த வாசலில் நடக்காத காரியம். சூல் வீறிட்டு அழுதான். “தாத்தா என் கறியத் தின்னுட்டாரு!”

புக்கிதாய் தொந்தி குலுங்கச் சிரித்தான். “பேரன் கறியைப் புடுங்கித் திங்கற கிழவனை இப்பதான் பாக்கறேன். சரி சரி, எல்லாரும் தின்னுங்க.” வேட்டை நாயைச் சீழ்க்கையடித்துக் கூப்பிட்டுக்கொண்டு நடந்துபோனான்.

ஒவ்வொருவராகத் தின்னத் தொடங்கினார்கள். தோர்பெயின் தாடை மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. அந்தத் துண்டு உள்ளே இறங்கவில்லை என்பதை எசுலுன் ஒருத்திதான் பார்த்தாள். தாடியில் கொழுப்பு வழிந்தது, கண்ணீரும் வழிந்தது. பிறகு தன் பங்குத் துண்டை எடுத்து, ஊதி ஆற்றி, விசும்பிக்கொண்டிருந்த பையன் வாயருகே நீட்டினான்.

“தின்னுடா,” என்றான்.