முதல் இரண்டு படங்கள்

அப்பாவின் காலுக்கு வெள்ளைக் காலுறையை மாட்டிக்கொண்டிருந்தாள் மகள். பாதம் விறைத்துவிட்டதால் அது குதிகாலைத் தாண்ட மறுத்தது. "உயிரோட இருந்தப்பவும் ஒருநாள் ஒழுங்கா சாக்ஸ் போட்டதில்ல," என்று முணுமுணுத்தாள். சவப்பெட்டிக்குள் பூ அடுக்கிக்கொண்டிருந்த மிஷன் சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டார்.

நாலு மணிக்கு அடக்கம். மூன்றரைக்கே பெட்டியை மூடியாக வேண்டும் என்று பெட்டிக்காரர் இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டுப் போனார். அதற்குள் அவள் ஒரு ஃபோன் பேச வேண்டும். முந்தாநாள் அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டது அது ஒன்றைத்தான்.

"என்னைப் புதைக்கிறதுக்கு முன்னாடி அந்தம்மாகிட்ட உண்மையைச் சொல்லிடும்மா. எனக்குத்தான் கடைசி வரைக்கும் வாய் வரல."

அப்பா மிஷனில் கிளார்க். அங்கே வளரும் பிள்ளைகளின் செலவை வெளியூர்க்காரர்கள் ஆளுக்கொரு பிள்ளையாக ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கடிதம் எழுதுவதும், பிறந்தநாளன்று பிள்ளையைக் கேக் முன்னால் நிறுத்திப் படமெடுத்து அனுப்புவதும் அவர் வேலை. தாய் தகப்பன் இல்லாத ஒரு சிறுமி, எட்டாவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்னால் காய்ச்சலில் போய்விட்டாள். புதுக் கவுன் தைத்து வந்திருந்தது. கேக்கும் சொல்லியாகிவிட்டது. அவளை ஏற்றுக்கொண்ட அம்மாளோ அதற்கு முந்தின மாதம்தான் கணவரைப் பறிகொடுத்திருந்தார். அடிமேல் அடி வேண்டாம், அடுத்த மாதம் பக்குவமாக எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்த அப்பா, அதே வயதுள்ள தன் மகளுக்கு அந்தக் கவுனை மாட்டிவிட்டார்.

"ஒரே ஒரு படம்டா கண்ணு. சிரி."

அந்த அடுத்த மாதம் வரவே இல்லை. வளரும் பிள்ளைக்கு ஜாடை மாறும் என்று அந்த அம்மாளும் நம்பிவிட்டார். பதினெட்டு வயது வரை பதினோரு படம் போயிற்று. வந்த உதவி வேறொரு அநாதைப் பிள்ளைக்குப் போயிற்று; அதில் அப்பா சல்லிக்காசு தொடவில்லை. மகளுக்கு அதெல்லாம் ஆறுதலாக இல்லை. அவளுடைய சொந்தப் பிறந்தநாளில், "அதான் மிஷன்ல கேக் வெட்டியாச்சே," என்பார் அப்பா. செத்தவளின் மெழுகுவர்த்தியை ஊதி ஊதியே அவள் வளர்ந்தாள். அதற்காகப் பல வருஷம் அவரை வெறுத்தாள். இன்றைக்கும் அது முழுசாகத் தீர்ந்தபாடில்லை.

பதினெட்டு வயதோடு மிஷன் பொறுப்பு முடிந்த பிறகும் அந்த அம்மாள் விடவில்லை. வருஷம் தவறாமல் வாழ்த்து அட்டை வரும், அந்தச் சிறுமியின் பெயரில் அப்பா பதில் எழுதுவார். இந்த வருஷ அட்டையில் எழுத்து கோணல்மாணலாக இருந்தது. 'கண் போய்விட்டது. இனி எழுத முடியாது. ஒரு தடவை உன் குரலையாவது கேட்கிறேன்.' கீழே ஒரு நம்பர்.

"வயசானவங்கம்மா," என்றார் சிஸ்டர், குரலைத் தாழ்த்தி. "இப்படியே விட்டுடலாமே."

"வாக்குக் குடுத்துட்டேன் சிஸ்டர்."

சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாலாவது தடவை மணி அடித்ததும் எடுத்தார்கள்.

"யாரு?"

அவள் அந்தச் சிறுமியின் பெயரைச் சொன்னாள். வேறு எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை.

"அடி என் தங்கமே! நீயா? பேசுடி, பேசு!"

"எங்கப்பா இன்னிக்கு விடியக்காலையில தவறிட்டாரும்மா."

மறுமுனையில் குரல் குழம்பியது.

"உனக்குத்தான் அப்பா இல்லையேம்மா?"

காலையிலிருந்து வராத அழுகை அந்தக் கேள்விக்கு வந்துவிட்டது. அழுகையோடு அழுகையாக எல்லாவற்றையும் கொட்டினாள், காய்ச்சல், கவுன், கேக், சிரி என்ற அப்பா. முன்னும் பின்னுமாகத்தான் சொன்னாள். "நான் அவ இல்லம்மா," என்று மட்டும் மூன்று தடவை சொல்லிவிட்டாள்.

அந்தப் பக்கம் திட்டவில்லை. அழவுமில்லை. "சுவத்துல பதிமூணு படம் வரிசையா மாட்டியிருக்கேன்," என்று குரல் வந்தது. "அதுல அவ எது?"

"முதல் ரெண்டும் அவ. மத்ததெல்லாம் நான்."

"தடவித்தான் எண்ணணும். ஃபோனை வச்சிடாத."

மேசையில் ஃபோனை வைக்கும் சத்தம் கேட்டது. ஊன்றுகோல் தட்டித் தட்டித் தள்ளிப் போயிற்று.

கதவைத் திறந்து பெட்டிக்காரர் தலையை நீட்டினார். "நேரமாச்சும்மா. மூடிடலாமா?"

பொறுங்கள் என்று கையைக் காட்டினாள். காதில் ஃபோனை இன்னும் அழுத்திக்கொண்டாள். ஒரு படச்சட்டம் ஆணியிலிருந்து கழன்று, சுவரில் உரசிக்கொண்டு இறங்கியது. பிறகு இன்னொன்று. மூன்றாவதாக இருக்கும் தன் படமும் கழலுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.