கால் நீட்ட நாலு விரற்கடை

…பொறாமைதான், வேறென்ன, நாத்தனார் கீழ்த்தளத்திலேயே உட்கார்ந்துகொண்டதற்கு வேறு காரணம் இருக்கவே முடியாது என்று மாடிப் பேருந்தின் மேல்தளத்து முன்வரிசையில் காலை நீட்டியபடி அவள் முடிவு கட்டினாள், தம்பி பொண்டாட்டி வரைந்த மேல்தளம், தம்பி பொண்டாட்டி பார்த்துப் பார்த்துச் செய்த இருக்கை, அதில் உட்கார்ந்து நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வாயிலிருக்கும் முத்து உதிர்ந்துவிடுமே… "நீ போய் மேல மகாராணி மாதிரி உக்காரு, எனக்கு இதுவே போதும்." அந்த 'இதுவே போதும்' இருக்கிறதே, இருபது வருஷமாக அதே பாட்டு, வீட்டில் புது சோபா வந்த அன்றும் பழைய மர நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இதே பாட்டைத்தான் பாடினாள், சரி, இழப்பு யாருக்கு? இதோ வேகத்தடை, பஸ் ஏறி இறங்குகிறது, ஒரு குலுக்கல் உண்டா, தொட்டில் ஆட்டின மாதிரி… இருக்கைக்குப் போட்டுப் பார்த்த முதல் நுரை மெத்தென்று இருந்து இருபதாவது நிமிஷத்தில் இடுப்பைப் பிடித்தது, இரண்டாவது வெறும் பலகை, மூன்றாவதுதான் சொன்னபடி கேட்டது, ஏசிக் காற்றும் உச்சந்தலையில் கொட்டாமல் தோளைத் தடவிவிட்டுப் போகிறது. பணிமனையில் முதுகுக்குப் பின்னால் அவளுக்கு 'மெத்தை' என்று பெயர், அது அவளுக்கும் தெரியும், தெரிந்தும் தெரியாத மாதிரி நடப்பதில் ஒரு சுகம்.

மூன்று வாரமாக இந்த ஒரு பஸ் வெள்ளோட்டம் போகிறது, ஒவ்வொரு மேல்தள இருக்கையின் முதுகிலும் ஒரு பை, பையில் ஒரு படிவம், பயணம் சுகமா சுகமில்லையா என்று பயணிகள் குறிக்க வேண்டும், நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் சுகம், மீதி மூன்று பேர் பெற்ற தாய் மடியிலும் குறை கண்டுபிடிப்பவர்கள், விடு. கடைசி நிறுத்தத்தில் மேலாளர் தாளும் கையுமாக நிற்கிறார், அவள் கையெழுத்துப் போட்டால் எழுபது பஸ்ஸுக்கு இதே மேல்தளம், அப்புறம் ஆண்டவனே வந்தாலும் மாற்ற முடியாது. எல்லோரும் கேட்டார்கள், காலை நீட்ட இவ்வளவு இடம் எங்கிருந்து கொண்டு வந்தாய் என்று… எங்கிருந்து, படியிலிருந்துதான், பத்துப் படியை எட்டாக்கி ஒவ்வொன்றையும் கொஞ்சம் உயர்த்தினாள், மிச்சமான தரையைப் பிரித்து வரிசைக்கு நாலு விரற்கடை கொடுத்தாள், எவனுக்குத் தோன்றியது இது? பணிமனை டிரைவர் மட்டும் தலையைச் சொறிந்தார், "படி செங்குத்தா இருக்கேம்மா." "எட்டுப் படிதானே அண்ணே, மலையா ஏறப் போறாங்க?" எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அவளே ஒரு நாளைக்கு நாற்பது தடவை ஏறி இறங்கியிருக்கிறாள், ஒரு தடவையாவது மூச்சு வாங்கியதா?

இன்னும் இரண்டே நிறுத்தம். போனால் போகிறது, நாத்தனாரைக் கையோடு இழுத்து வந்து முன் கண்ணாடி வழியே தெருவைக் காட்டிவிடலாம், கண்ணால் பார்த்துவிட்டால் வாய் தானாகத் திறக்கும்… எழுந்தாள், படிக்கு வந்தாள், முதல் படியில் கால் வைத்தபோது பஸ் வளைந்தது, அட, இதென்ன, படி காலுக்கு எட்டாமல் கீழே போகிறது, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்… நாற்பது தடவை, நாற்பதும் பணிமனையில் நின்ற பஸ்ஸில், ஓடுகிற பஸ்ஸில் இன்றுதான் இறங்குகிறாள், ஏறியதுகூட நிறுத்தத்தில் நின்றபோதுதான், ஓட்டமாக. பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்கினாள், தன் மானம் போவதை யாரும் பார்க்கவில்லையே என்று கீழே எட்டிப் பார்த்தால் எல்லோரும் அவளைத்தான் பார்க்கிறார்கள். நெஞ்சோடு குழந்தையைக் கட்டிக்கொண்டு ஒருத்தி, வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி, முழங்காலில் பட்டை கட்டிய ஒருவர், அந்தப் பழைய கட்டை இருக்கைகளில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு… மேலே பாதி இருக்கை காலி. இவர்களிடம் படிவம் கொடுத்தது யார்? யாரும் இல்லை, கீழே பையே கிடையாது, ஏறியவர்களைத்தான் கேட்டார்கள், ஏறியவர்கள் சுகம் என்றார்கள். சோபாகூட… அது ரொம்பத் தாழ்வோ, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாதோ… சரி, சரி, ஒன்றும் குடி முழுகவில்லை, எட்டைத் திரும்பப் பத்தாக்க அவளால் முடியாதா, ஒரு ராத்திரி வேலை, நாலு விரற்கடை போகும், மேலாளர் முகம் சுளிப்பார், தொண்ணூற்றேழு எண்பதாகும்…

"பாத்து, பாத்து. பிடிச்சுக்கோ" என்று நாத்தனார் கை நீட்டினாள். "என்ன மகாராணி, மேல போரடிச்சிடுச்சா?"

"உங்களைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன் அண்ணி."

"எனக்கு இங்கயே வேடிக்கை நல்லா இருக்கு."

இதோ, அதே பாட்டு. ஆனால் இந்தத் தடவை அவள் விடவில்லை, பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, "நிஜமாச் சொல்லுங்க, ஏறிப் பாக்கணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?" என்றாள்.

நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ரெண்டு படி ஏறினேன்."

"எப்போ?"

"நீ திரும்பிப் பாக்காம விறுவிறுன்னு போனியே, அப்பத்தான்."

கடைசி நிறுத்தம் வந்து பஸ் வேகம் குறைந்தது, கண்ணாடிக்கு வெளியே மேலாளர் தாளை ஆட்டிச் சிரித்தார், அவளும் பழக்க தோஷத்தில் சிரித்து வைத்தாள்… ரெண்டு படி ஏறி இறங்கினவளை எந்தக் கட்டத்தில் குறிப்பது, சுகத்திலா, சுகமில்லாததிலா?