பாதியில் நின்ற கொட்டு

கோச்சடை முத்தையா சாமி சத்தியமாக, இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது.

வாசலில் புருஷனுக்குப் பாடை கட்டி முடிக்கிற நேரத்தில், அன்னக்கொடி கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தக் கொட்டுமேளத்தை இழுத்தாள். தென்னை மரத்தைக் குடைந்து ஆட்டுத்தோல் போர்த்தியது. மாலத்தீவு ஓட்டலில் சமையல்காரராக இருந்த அவள் புருஷன் பேயாண்டி, ஊர் திரும்பியபோது நகைநட்டுக்குப் பதிலாகக் கொண்டுவந்தது.

"என்ன மதினி இது? கொட்டுக்காரங்கதான் வாசல்ல நிக்கிறாங்கள்ல. எழவு வீட்ல பொம்பள அடிக்கிறதா?" கொழுந்தன் அழகுபாண்டி வழியை மறித்தான்.

"ஒங்கண்ணன்ட்ட வாக்குக் குடுத்துட்டேன்ப்பா. செத்த ஒதுங்கு."

சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை. மாசக்கணக்காய்ப் படுக்கையில் கிடந்தவரைத் தூக்கி, துடைத்து, புரட்டிப் படுக்கவைத்தே தோள்பட்டை இறங்கிப் போயிருந்தது.

"ஆப்பிரிக்காவுலருந்து அடிமையாக் கொண்டாந்த சனம் அந்தத் தீவுல விட்டுட்டுப் போன அடியாம்ல," என்பார் பேயாண்டி. "மெல்லத்தான் ஆரம்பிக்கும் புள்ள. போகப் போக வெறி ஏறும். உச்சியில வெட்டுனாப்ல நிக்கணும்."

இந்த வீட்டில் அந்த உச்சி ஒருநாளும் வந்ததில்லை. அவர் அடிக்க ஆரம்பித்தால் பாதியிலேயே அன்னக்கொடி அடுப்படியிலிருந்து கத்துவாள்: "போதும், தல வெடிக்குது!" அவரும் நிறுத்திவிடுவார். சாகும் முன் கேட்டதும் அதுதான்: "போறப்பவாச்சும் முழுசா அடிக்கச் சொல்லு."

இதை அடிக்கச் சொல்லி மதுரையில் யாரைப் போய்க் கேட்பது? திட்டித் திட்டியே கேட்டதில் அவளுக்குத்தான் மனப்பாடம்.

கால்மாட்டில் உட்கார்ந்து, மடியில் சாய்த்து, மெல்ல அடித்தாள். வாசல் கொட்டு ஓய்ந்தது. ஒப்பாரி நின்றது. வேகம் ஏற ஏற, தெருநாய்கள் பந்திக்கு வந்ததுபோல் வரிசையாக உட்கார்ந்தன. ஸ்டாப்பிலேயே நிற்காத டவுன்பஸ் ஒன்று, ஸ்டாப் இல்லாத இடத்தில் நின்றது.

"போதும் மதினி."

"நான் சொன்ன 'போதும்' பத்தாதா? நீயும் சொல்லாத."

உள்ளங்கை எரிந்தது. உச்சியில், வெட்டினாற்போல் நிறுத்தினாள்.

கோடித்துணிக்குள் அவருடைய வலதுகால் பெருவிரல் மட்டும், தாளம் தீராததுபோல் இன்னும் ரெண்டு தட்டுத் தட்டி ஓய்ந்தது. அன்னக்கொடி துணியை இழுத்துச் சரிசெய்தாள்.

"தூக்குங்கப்பா," என்றாள்.

சர்க்கரை நோய் முற்றியதால், பேயாண்டியின் வலதுகாலைப் போன தை மாதமே முழங்காலோடு எடுத்துவிட்டார்கள்.