உப்புப் போடாத அசனம்

ஆவி மூடிய அண்டாக்களுக்குள் அந்த வருஷம் ஒரு கல் உப்புகூட விழவில்லை, ஊர்க்கிடாய் அத்தனையும் வெந்த அந்தக் கறிக்கு என் அத்தான் யேசுவடியானின் கண்ணீரே போதுமாக இருந்தது, சொன்னால் யாரும் நம்புவதில்லை, நம்ப வேண்டாம், நானே நம்பாமல்தான் இரண்டாவது தடவை குழம்பு கேட்டு வாங்கினேன், மூன்றாவது தடவை வாங்கியது விசுவாசத்தினால், நாக்கில் பட்ட உப்பு அப்படியொரு உப்பு, கூடவும் இல்லை குறையவும் இல்லை, கடலைப் படைத்தவன் அளந்து போட்ட உப்பு, மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான், மாட்டின் கண்ணீரையும் மனுஷன் கண்ணீரையும் தூரத்திலிருந்தே பிரித்துச் சொல்லுவேன், இதில் பொய்யில்லை, மற்றதில் இருக்கலாம். ஒவ்வொரு வருஷமும் அசனத்தன்று காலையில் உள்ளி உரிக்கிற பந்தலில் உட்கார்ந்து இதைச் சொல்லத் தொடங்குவேன், சின்ன வெங்காயத்துக்கு எங்கள் பக்கத்தில் உள்ளி என்று பேர், பக்கத்திலேயே அத்தான் உட்கார்ந்திருப்பார், பொய்யன், உப்பு நாந்தாம்ல போட்டேன், இந்தக் கையால அள்ளிப் போட்டேன், கண்ணுல தண்ணி வந்தது உள்ளிக் காரத்துக்கு என்பார், பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள், எதிர்ப்பக்கம் அவருடைய தம்பி சிகாமணி உரித்துக்கொண்டிருப்பான், சிரிக்கிறானா உள்ளிக்குக் கண்ணைச் சுருக்குகிறானா என்று தெரியாது.

அசனம் என்றால் கோவில் விருந்து, தயாபுரத்தில் கோவில் பிரதிஷ்டையான நாளில் ஊரே சேர்ந்து உரித்து அரிந்து சமைத்து, சாயங்காலம் யார் வந்தாலும், எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் கும்பிடாவிட்டாலும், இலை போட்டுக் கறிச்சோறு வைப்பது, ஆனால் குருவானவர் ஜெபம் பண்ணி முடிக்கிற வரைக்கும் ஒருவரும், சமைக்கிறவர்கூட, ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது, அது எங்கள் ஊர்க் கட்டு, அதனால் உப்புப் போடுவது லேசுப்பட்ட காரியமில்லை, ருசி பாராமல் கண்ணாலும் கையாலும் போட வேண்டும், அதற்கென்று ஊருக்கு ஒரே ஒரு கை, என் அக்காவைக் கட்டிய யேசுவடியான் அத்தானின் கை, ஓலைப்பெட்டியிலிருந்து கல்லுப்பை அள்ளி, வாய்க்குள் ஜெபத்தை முணுமுணுத்து, அண்டா அண்டாவாக வீசிக்கொண்டே போவார், வேறு யாரும் அந்தப் பெட்டியைத் தொட மாட்டார்கள், தொட்டால் அத்தான் பார்க்கிற பார்வையில் கை வெந்துபோகும். அப்படியொரு மனுஷன், ஒரு தடவை அவரைத் தேள் கொட்டியது, தேள்தான் செத்தது, நான்தான் அடக்கம் பண்ணினேன், அவருடைய விறகுக்கடையில் கோடாலி மழுங்கினால் சாணைக்கல் தேடுவதில்லை, அவர் நெஞ்சில் நாலு தேய் தேய்ப்பார்கள் என்று நான் சொன்னால் ஊரில் பாதிப் பேர் ஆமாம் என்பார்கள், ஞாயிறு தவறாமல் முதல் பெஞ்சு, முழங்கால் மடங்கும், கழுத்து மடங்காது, மன்னிப்பைப் பற்றி எந்தக் குருவானவர் பிரசங்கம் பண்ணினாலும் வாசலில் நின்று கைகொடுத்து, நல்ல பிரசங்கம் ஐயா, கேக்கவேண்டிய ஒருத்தன் வேற எங்கனயோ கையத் தட்டிக்கிட்டு இருக்கான் என்பார், யாரென்று சொல்லமாட்டார், எங்களுக்குத் தெரியும்.

சிகாமணி தன் அண்ணனைக் கேட்காமல் ஒரு காரியம் செய்ததில்லை, அந்த ஒன்றைத் தவிர, பக்கத்துத் தெருவில் ஓலைக்கொட்டகையில் நடந்த பெந்தெகொஸ்தே சபைக்கு ஒரு மழைக்காலத்தில் போகத் தொடங்கினான், அங்கே அவனுக்கு என்னவோ கிடைத்தது, முகமே மாறிவிட்டது, ஒருநாள் தாமிரபரணியில் முழுகி ஞானஸ்நானம் எடுத்து, ஈரத்தலை துவட்டாமல் நேரே அண்ணன் வீட்டுக்கு ஓடி வந்தான், சந்தோஷத்தைச் சொல்ல அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள், அண்ணே, இன்னைக்குத்தாம்ணே எனக்கு ஞானஸ்நானம், நீயும் வாண்ணே, கொழந்தையில நமக்குத் தெளிச்சதெல்லாம் கணக்குல சேராதாம் என்றான், தலையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் திண்ணையில் விழுந்துகொண்டிருக்கிறது, அத்தான் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார், நம்மளப் பெத்த அய்யா ரெண்டு கையில ஏந்திட்டுப் போயி எனக்கும் ஒனக்கும் குடுத்த ஞானஸ்நானம்ல அது, செத்துப்போன மனுசன், அவரு ஏந்திட்டுப் போனது பச்சத்தண்ணிக்கா என்று பைய, மிகவும் பையக் கேட்டார், அவ்வளவுதான், அன்றைக்கு மூடியது தம்பிக்கான கதவு, இனிமே அவன் பேர எம்முன்னால ஒருத்தரும் எடுக்கப்பிடாது என்றார். யார்மேல் குற்றம் சொல்ல, ஒருவன் ஆண்டவர்மேல் உள்ள அன்பில் சொன்னான், ஒருவர் அய்யாமேல் உள்ள அன்பில் கேட்டார், இரண்டு அன்பும் மோதினால் நடுவில் ஒரு பூச்சியும் பிழைக்காது. அக்கா இறந்த அன்று கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வெளியே சிகாமணி நிற்கிறான், சோறு போட்டு வளர்த்த அண்ணி, உச்சிவெயில், செருப்பில்லாமல் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறான், உள்ளே அத்தான் குழிக்கு நீளம் போதுமா என்று கயிறு பிடித்துப் பார்க்கிறார், கண்ணில் பொட்டு ஈரமில்லை, வாசல் பக்கம் திரும்பவில்லை, நான் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நடுவில் நிற்கிறேன், அக்கா என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், பெட்டிக்குள் இருப்பவள் எப்படிச் சிரிப்பாள், ஆனால் சிரித்தாள், இவங்களத் திருத்த முடியாதுடா என்கிற அந்தப் பழைய சிரிப்பு.

அதற்குப் பிறகு எத்தனை கன்வென்ஷன், எத்தனை உபவாச ஜெபம், எத்தனை பிரசங்கியார்கள் மேஜையைக் குத்தினார்கள், ஒன்றும் அசையவில்லை, அப்படியே வந்து சேர்ந்தது அந்த அசனம், முந்தின நாள் சாயங்காலம் சிகாமணி என் வீட்டுக்கு வந்தான், படி ஏறி வந்ததற்கே மூச்சு வாங்கியது, திங்கக்கிழம மதுரைல ஆபரேஷன் மச்சான், நெஞ்சப் பொளந்துதான் சரிபண்ணணுமாம், போறதுக்குப் பயமில்ல, கர்த்தர் இருக்காரு, அதுக்கு முன்ன அண்ணன் ஒரு வார்த்த பேசிட்டாப் போதும், ஏசுனாக்கூடப் போதும் என்றான், ஊருக்கெல்லாம் தெரிந்த அந்தச் சீக்கு அத்தானுக்கு மட்டும் தெரியாது, பேரை எடுக்கக் கூடாதென்றால் பேரில்லாமல் சீக்கை எப்படிச் சொல்வது, நான் யோசித்து, நாளைக்குக் காலைல உள்ளி உரிக்க வா, உரிக்கதுக்கு எந்தச் சபைன்னு ஒருத்தனும் கேக்கப்பிடாது என்றேன். அந்த வருஷத்து உள்ளியை வாங்கியது நான், அதன் காரம் எப்படியென்றால், ஒட்டன்சத்திரத்திலிருந்து ஏற்றிவந்த லாரி டிரைவர் வழியெல்லாம் அழுதுகொண்டே ஓட்டினான், செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் என்னப்பா வீட்ல எழவா என்று கேட்டுவிட்டுத் தானும் அழுதார்.

பந்தலுக்குள் மலைமலையாகக் குவிந்து கிடக்கிறது, சுற்றிலும் ஊர் உட்கார்ந்திருக்கிறது, சிகாமணி வெள்ளைச் சட்டை வெள்ளை வேட்டியில் வருகிறான், அத்தானுக்கு நேரெதிரே, குவியலுக்கு அந்தப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு கத்தியை எடுக்கிறான், அத்தான் தலை நிமிராமல் என்னிடம், உரிக்கதுக்கு ஆள் போதும்னு சொல்லு மாப்ள என்கிறார், சிகாமணி கையிலிருக்கும் உள்ளியைப் பார்த்து, உரிச்சிட்டுப் போயிருதேன், திங்க வரல என்கிறான், அக்கா குவியலுக்குப் பின்னால் முறத்தோடு நிற்கிறாள், நிற்க முடியாது, அவள் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது, ஆனாலும் இதை நினைக்கும்போதெல்லாம் அவள் அந்த இடத்தில் நிற்கிறாள், நானும் அவளை விரட்டுவதில்லை. உள்ளிக் காரம் கண்ணை மறைத்ததோ என்னவோ, கத்தி சறுக்கிச் சிகாமணியின் பெருவிரலில் இறங்கியது, சின்ன வெட்டுத்தான், ஆனால் ரத்தம் நிற்கவில்லை, வெள்ளை வேட்டியில் சொட்டிச் சொட்டிப் படர்கிறது, கம்பவுண்டர் நான் எழுந்திருப்பதற்குள், சுற்றிவரப் பொறுமையில்லாமல் குவியலுக்கு மேலேயே ஏறி, உள்ளி நாலா பக்கமும் உருண்டு ஓட, அத்தான் அந்தப் பக்கம் இறங்கி, தோளில் கிடந்த துண்டால் தம்பியின் விரலைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, ஏ மூதி, கோட்டிப்பயலே, கத்தி புடிக்கத் தெரியுமால ஒனக்கு என்று ஏசுகிறார், சிகாமணியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், ஏச்சு வாங்கி அப்படிப் பூத்த ஒரு முகத்தை நான் எங்கேயும் கண்டதில்லை. துண்டு சிவந்துகொண்டே போகிறது, ஏம்ல நிக்கல, ரத்தம் ஏம்ல நிக்கல என்று அத்தான் கேட்கக் கேட்கக் குரல் மெலிகிறது, மாத்திர திங்கேம்ணே, ரத்தம் ஒறையாம இருக்கதுக்கு, நெஞ்சுக்கு என்றான் சிகாமணி, எந்த நெஞ்சுக்கு என்றார் அத்தான், திங்கக்கிழம ஆபரேஷன்ணே, அத்தான் நிமிர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், எல்லா முகமும் தரையைப் பார்த்தது, ஏல கம்பவுண்டரே, நீ ஏம்ல சொல்லல என்றார், நீங்கதான அத்தான் பேர எடுக்கப்பிடாதுன்னு சொன்னிய என்றேன்.

சுவர் விழுந்தால் சத்தம் கேட்கும், இது சத்தமில்லாமல் விழுந்தது, விரலை விடாமல் அத்தான் அப்படியே உள்ளிக்குவியலின்மேல் உட்கார்ந்தார், வாய் திறந்திருந்தது, பிறகு வந்தது பாருங்கள், அக்காவுக்கு அழாதது, அய்யாவுக்கு அழாதது, எல்லாம் சேர்ந்து வந்தது, பெண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்கள், பந்தல்கால் ஊறியது, ஒரு கோழி நீந்திப் போனதை நான் கண்ணால் பார்த்தேன், பந்தலில் அழாத கண்ணே இல்லை, எது உள்ளிக்கு வந்தது, எது அவர்களுக்கு வந்தது என்று அன்றைக்கு என்னாலும் பிரிக்க முடியவில்லை. உடைக்கப் பார்த்ததுதான் எங்கள் தப்போ, அது கல்லே இல்லையோ, காய்ந்த மண்ணாக நனையக் காத்துக் கிடந்ததோ, தெளிப்பா முழுக்கா என்று பிரிந்த இரண்டு பேரும் கடைசியில் நனைந்தது ஒரே தண்ணீரில், அதைத் தெளித்தது என்பதா முழுக்கியது என்பதா, எனக்குச் சொல்லத் தெரியாது, மாட்டுக்கு ஊசி போட்டவன் நான். ரத்தம் நின்ற பிறகு அத்தான் தம்பியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு கோவிலுக்குப் பின்னால் பூவரச மரத்தடிக்குப் போனார், சிதறிய உள்ளியைப் பொறுக்கிக் கழுவி அரிந்து அண்டாவில் போட்டோம், சாயங்காலம் குருவானவர் ஜெபம் பண்ணினார், அண்ணனும் தம்பியும் ஒரே இலையில் சாப்பிட்டார்கள், நான் முதல் வாய் வைத்தேன், அந்த உப்பு.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, வேதத்தைத் தூக்கிக்கொண்டு சிகாமணி தினமும் விறகுக்கடைக்கு வருவான், தெளிப்பா முழுக்கா என்று அடித்துக்கொள்வார்கள், கடைத்தெருவே கடையைச் சாத்திவிட்டு வந்து நின்று கேட்கும், ஒருவர் அரை அங்குலம் விட்டுக்கொடுத்ததில்லை, இருட்டியதும் ஒரே டீயை இரண்டாக ஆற்றிக் குடித்துவிட்டுப் போவார்கள், அப்படியே வருஷங்கள் ஓடின, போன ஐப்பசி மழையில் சிகாமணி தூக்கத்திலேயே போய்விட்டான், அவனுடைய சபைக்காரர்கள் கைதட்டிப் பாடி அடக்கம் பண்ணினார்கள், கைதட்டுப் பிடிக்காத அத்தானும் நின்று தட்டினார், தாளம் தப்பித் தப்பி. இந்த வருஷமும் அசனம் வந்தது, உள்ளி வந்தது, அத்தானுக்கு இப்போது கீழே உட்கார முழங்கால் விடவில்லை, பிளாஸ்டிக் நாற்காலியில் மடியில் முறத்தோடு இருக்கிறார், எதிர்ப்பக்கம் ஓர் ஆள் உட்காருகிற இடம், யாரும் சொல்லாமலே காலியாகக் கிடக்கிறது, எஸ்தர்செல்வி, சிகாமணியின் மருமகள், மாமா அந்த உப்புக் கதயச் சொல்லுங்க என்றாள், நான் வாயைத் திறந்தேன், கிடாய், கண்ணீர், நீந்துகிற கோழி, ஒன்றும் வரவில்லை, என்னத்தம்மா கத, நான் திரிச்ச கயிறு அது, எல்லா வருசமும் போடுதாப்பலதான் அன்னைக்கும் அத்தான் உப்புப் போட்டாங்க என்றேன். அத்தான் ஒரு உள்ளியை உரித்து முறத்தில் போட்டார், இன்னொன்றை எடுத்தார், தோலில் நகத்தை வைத்தபடியே, இல்ல மாப்ள என்றார், இத்தன வருசமும் பொய் சொன்னது நீயில்ல, நாந்தான், பூவரசு மூட்டுல அவங்கூட உக்காந்தவன் அடுப்புப் பக்கமே போகல, உப்பு நெனப்பே வரல, மறுநாள் ஒவ்வொருத்தனாக் கேட்டுப் பாத்துட்டேன், ஒருத்தனும் அந்தப் பெட்டியத் தொடல, ஆனா கறியில உப்பு சரியாத்தாம்ல இருந்துச்சு.