மைக் முன்னால்

எங்கள் சபையில் வேதபாடம் வாசிக்க என்னை விட்டால் ஆளில்லை என்பது என் நினைப்பு. அன்றைய பகுதி, காணிக்கை படைக்குமுன் போய்ச் சகோதரனோடு மனஸ்தாபம் தீர்த்து ஒப்புரவாகும்படி சொல்வது. ஏற்ற இறக்கத்தோடு முழங்கினேன்.

முடிப்பதற்குள், வீட்டுச் சுவர்த் தகராறில் நான் பேச்சை நிறுத்தியிருந்த தம்பி, கையிலிருந்த காணிக்கைப் பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு விறுவிறுவென்று வந்து என் முன்னால் நின்றான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“அக்கா, நீ வாசிச்சத கேட்டேன். அதான் உடனே வந்துட்டேன். என்னை மன்னிச்சிரு, அக்கா.”

“டேய், மானத்த வாங்காத! வேதம் வாசிக்கிற நேரத்துல இதெல்லாம் என்னடா? போய் உட்காரு!” என்று பல்லைக் கடித்தேன்.

மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை. கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டிருக்கிறது, வேதபாடத்தைவிடத் தெளிவாக.