இரண்டாவது கட்டம்

ஆஸ்பத்திரி வாசலில் என் டாக்ஸி நிற்பதற்குள் அந்த வெள்ளைக்காரப் பெண் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். ஏறியதும் போனில் முகவரியைக் காட்டியதோடு சரி, வாயே திறக்கவில்லை. சிக்னலுக்குச் சிக்னல் என் சீட்டைத் தட்டித் தட்டி விரட்டினாள். எரிச்சலில் போனில் அக்காவிடம் புலம்பினேன். "உயிர எடுக்குறாக்கா. நம்மாளு இல்ல, புரியாது."

கைப்பையை விட்டுவிட்டுப் போயிருந்தாள். சனியன் என்று முனகியபடி எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

மேல்மாடி வார்டு வாசலில் காவலாளி, என்னைப் போலத் தமிழர்தான், அவளை மறித்து நின்றார். என்னைப் பார்த்ததும், "நீங்க போங்கம்மா" என்று வழிவிட்டார்.

"அண்ணே, அஞ்சு நிமிஷத்துல அம்மாவ ஆபரேஷனுக்குக் கொண்டு போயிடுவாங்க!"

தமிழில் கத்தியது அவள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

காவலாளி அவள் எழுதிய படிவத்தை நீட்டினார். "சொந்தக்காரங்கள மட்டும்தான் விடணும். இனம்ங்கிற கட்டத்துல வெள்ளையர்னு போட்டிருக்கீங்க, சமூகம்ங்கிற கட்டத்துல தமிழ்னு போட்டிருக்கீங்க. ரெண்டும் ஒண்ணுதானே? தப்பால்ல இருக்கு."

"ஒண்ணு இல்லண்ணே. மொதல் கட்டம் என் மூஞ்சி, பெத்தவங்க குடுத்தது. ரெண்டாவது நான் வளந்த வீடு. மூணு மாசக் குழந்தையா என்னைத் தூக்கிட்டு வந்தவங்கதான் உள்ள படுத்திருக்காங்க."

அவர் மறுபடி படிவத்தைப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"யோவ், நான் டாக்ஸி ஓட்டுறவ! உள்ள எனக்கு யாரிருக்கா? என்னை மட்டும் எதைப் பாத்துய்யா விட்ட?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவளை மறித்திருந்த கையை இறக்கினார்.

தாழ்வாரத்தின் கோடியில் ஸ்ட்ரெச்சர் நகர்ந்துகொண்டிருந்தது. "அம்மா!" என்று அலறிக்கொண்டு ஓடினாள். படுத்திருந்த அம்மாள் தலையைத் தூக்கினார்.

"வந்துட்டியாடி கழுத! எவ்வளவு நேரம்டி?"

கையைப் பிடித்துக்கொண்டே கதவுவரை கூடப் போனாள். கதவு மூடியது.

திரும்பி வந்தவளிடம் பையை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நான் நம்மாளு இல்லதான்," என்றாள். "கொஞ்ச நேரம் கூட இருக்கீங்களாக்கா? தனியா இருக்க பயமா இருக்கு."

காவலாளியைத் திட்டிய இதே வாய்தான் டாக்ஸியில் அவளை அப்படிச் சொல்லியிருந்தது. வெட்கமாக இருந்தது. பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.